மசாஜ் பயிற்சியில் கட்டைவிரல் வலி: பழகிவிடுமா, முறையே தவறா?

நெல்லைக்காரி

வணக்கம். தனியார் இடம் ஒன்றில் ஸ்பா தெரபிஸ்ட் கோர்ஸ் படிக்கிறேன். ஸ்வீடிஷ் என்ற சாதாரண எண்ணெய் மசாஜ் முறையில் முதுகும் காலும் முடிந்து இப்போது டீப் டிஷ்யூ, அதாவது தசையை ஆழமாக அழுத்தும் முறை ஓடுகிறது. இது தொடங்கியதிலிருந்து வலது கட்டைவிரலின் அடியில், மணிக்கட்டை ஒட்டி வலி. பாட்டில் மூடியைத் திருகினால் சுள்ளென்று இழுக்கிறது. வகுப்பு முடிந்தால் இடுப்பும் பிடித்துக்கொள்கிறது. கேட்டால், "புதுசுல எல்லாருக்கும் இருக்கும், பழகிடும்" என்கிறார்கள்.

நான் ஐந்தடிதான். வகுப்பில் இருக்கும் டேபிள் உயரம் மாற்ற முடியாத ரகம். டேப் வைத்து அளந்தேன், 75 செ.மீ. இதற்கும் வலிக்கும் தொடர்பு உண்டா?

இன்னும் இரண்டு சந்தேகம். வருகிறவர்களிடம் பெயர், போன் நம்பர், கையெழுத்து மட்டும் வாங்கும் படிவம்தான் எங்களுக்குக் கொடுத்திருக்கிறார்கள். யாருக்குச் செய்யவே கூடாது என்று தெளிவாக யாரும் சொல்லவில்லை. அப்புறம், இதை முடித்துவிட்டு ஆயுர்வேதப் பஞ்சகர்மா சிகிச்சைப் பக்கம் போகலாமா? எந்தச் சான்றிதழுக்கு மதிப்பு?

உள்ளங்கை

தோல் பழகும், தசை பழகும். மூட்டு பழகாது, தேயும். அதனால் "பழகிடும்" என்ற பேச்சைத் தூரப் போடுங்கள்.

கட்டைவிரலின் அடி மூட்டு எல்லாப் பக்கமும் அசைவதற்காக அமைந்தது, எடை தாங்குவதற்காக அல்ல. விரல் நுனியில் 1 கிலோ விசையில் கிள்ளிப் பிடித்தால் அந்த அடி மூட்டில் ஏறக்குறைய 12 கிலோ அழுத்தம் இறங்குகிறது. நீங்கள் டீப் டிஷ்யூ என்று சொல்லி ஒரு மணி நேரம் கட்டைவிரலால் குத்தினால் அந்த மூட்டு என்ன பாடுபடும் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள்.

டேபிளுக்கும் வலிக்கும் நேரடித் தொடர்பு உண்டு. பக்கத்தில் நேராக நின்று கையைத் தொங்கவிட்டு முஷ்டி பிடித்தால், விரல் முட்டி டேபிள் பரப்பைத் தொட வேண்டும். இது சாதாரண எண்ணெய் மசாஜுக்கு. ஆழமாக அழுத்துவதற்கு இன்னும் 4, 5 செ.மீ. தாழ்வாக இருக்க வேண்டும். ஐந்தடி உயரமானவருக்கு அந்த முட்டி உயரம் சுமார் 65 செ.மீ. உங்கள் டேபிள் 75. அதன்மேல் ஒரு ஆள் குப்புறப் படுத்தால் முதுகு இன்னும் ஒரு சாண் மேலே ஏறிவிடும். அப்போது உடம்பைச் சாய்க்க வழியே இல்லை. தோள் காதுவரை தூக்கும், முழங்கை மடங்கும், கடைசியில் கட்டைவிரல் ஒன்றுதான் குத்தும். இடுப்பு வலியும் அதே கணக்குதான். மேலே எட்டி, முறுக்கி நின்று செய்கிறீர்கள்.

டேபிள் காலை அறுக்க விடமாட்டார்கள். நீங்கள் மேலே ஏறுங்கள். 10 முதல் 15 செ.மீ. உயரத்தில் உறுதியான மரப்பலகை ஒன்று செய்து டேபிளின் ஒரு பக்கம் முழுக்க ஓடும்படி போடுங்கள். அகலம் குறைந்தது 60 செ.மீ. வேண்டும், முன்கால் பின்கால் இரண்டும் அதிலேயே நிற்க. குட்டி ஸ்டூல் போட்டு ஏறாதீர்கள், எண்ணெய்க் காலோடு வழுக்கும். பலகையின் அடியில் ரப்பர் ஒட்டுங்கள்.

நிற்கும் விதம்: தேய்க்கும் திசையைப் பார்த்து முன்கால், பின்கால் சற்று வெளிப்பக்கம் திரும்பி ஒன்றரை அடி பின்னால். முன் முழங்கால் லேசாக மடங்கியிருக்கும். கை நீளும்போது எடை பின்காலிலிருந்து முன்காலுக்கு வர வேண்டும். தோள், முழங்கை, மணிக்கட்டு மூன்றும் ஏறக்குறைய ஒரே கோட்டில். முழங்கையைப் பூட்டிவிடாதீர்கள், மடக்கித் தள்ளவும் வேண்டாம். அழுத்தம் பாதத்திலிருந்து வரும், கை அதைக் கடத்தும் குழாய் மட்டும்தான்.

இது புரிகிறதா என்று பார்க்க நல்ல வழி, வீட்டில் எடை பார்க்கும் மெஷின். அதைத் தொடை உயரத்தில் ஒரு கட்டிலிலோ பெஞ்சிலோ வையுங்கள். கை நேராக வைத்து, உள்ளங்கையின் அடிப்பகுதியால் சாய மட்டும் செய்யுங்கள், தள்ளாதீர்கள். முள் சுலபமாக 10, 15 கிலோவில் நிற்கும், மூச்சும் இழுக்காது. அதே 10 கிலோவை முழங்கையை மடக்கித் தள்ளி வரவழைத்துப் பாருங்கள், அரை நிமிடத்தில் தோள் எரியும். பிறகு மெஷின்மேல் முன்கையை வைத்து 5 கிலோ, 8 கிலோ, 12 கிலோ என்று கண்ணை மூடிக்கொண்டு ஊகித்துச் சாய்ந்து, முள்ளைப் பார்த்துத் திருத்துங்கள். "மீடியம் பிரஷர்" என்று கிளையன்ட் கேட்டால் ஒவ்வொரு முறையும் ஒரே அளவு கொடுக்க இந்தப் பழக்கம்தான் கை கொடுக்கும்.

கட்டைவிரலுக்குப் பதில் எது? முதுகின் நீண்ட தசைகளுக்கும் தொடைக்கும் முன்கை. அதிலும் முழங்கைக்குக் கீழே இருக்கும் சதைப்பற்றான மூன்றில் ஒரு பாகம் மட்டும், முழங்கை முனை அல்ல. பிட்டத்துத் தசைக்கு மென்மையாக மூடிய முஷ்டி. கெண்டைக்கு உள்ளங்கையின் அடிப்பகுதி. கட்டைவிரலைப் பாதம், உள்ளங்கை, பின்மண்டை எலும்பின் ஓரம் என்று சிறிய இடங்களுக்கு மட்டும் மிச்சம் வையுங்கள். அங்கேயும் தனியாக நீட்டிக் குத்தக் கூடாது. மற்ற நான்கு விரலை மடக்கி முஷ்டியாக்கி அதன் பக்கவாட்டில் கட்டைவிரலைச் சாய்த்து வையுங்கள், அல்லது மறு உள்ளங்கையால் மேலிருந்து தாங்குங்கள். நுனி மூட்டு வில் மாதிரி பின்பக்கம் வளைந்தால் உடனே நிறுத்துங்கள்.

ஒரு முதுகை எடுத்துக்கொள்வோம். தலைமாட்டில் நில்லுங்கள். 5 மி.லி. எண்ணெயை உங்கள் கையில் ஊற்றிச் சூடேறத் தேய்த்துவிட்டு வையுங்கள். கிளையன்ட் முதுகில் நேராக ஊற்றினால் அவர் உடம்பு சட்டென்று இறுகிவிடும், அதை இளக்கவே ஐந்து நிமிடம் போகும். முதுகெலும்பின் இருபுறமும் ஓடும் மேட்டில் இரண்டு உள்ளங்கை, எலும்பின் மேல் அல்ல. சாய்ந்து இடுப்புவரை ஒரே ஓட்டம், இடுப்பெலும்பு வரம்பில் விசிறி மாதிரி விரித்து, பக்கவாட்டில் லேசாகத் திரும்பி, தோளைச் சுற்றிக் கழுத்தடிக்கு. போக 7, 8 விநாடி ஆக வேண்டும். புதியவர்கள் எல்லோரும் 3 விநாடியில் முடித்துவிடுகிறார்கள். வேகமாகத் தேய்த்தால் தசை இளகாது, தோல்தான் சூடாகும். இதை ஆறேழு முறை செய்த பிறகே பிசைதல்.

தோள்பட்டை எலும்பின் உள் ஓரத்துக்கு வரும்போதுதான் எல்லோரும் கட்டைவிரலை எடுக்கிறார்கள். அங்கே ஒரு வித்தை இருக்கிறது. கிளையன்ட்டின் அந்தக் கையை மெதுவாக மடக்கிப் புறங்கை இடுப்பில் படும்படி வையுங்கள், தோளுக்குக் கீழே சுருட்டிய சின்ன டவல் கொடுங்கள். எலும்பின் ஓரம் தானாக மேலே தூக்கிக்கொள்ளும். இப்போது நான்கு விரல்களைச் சேர்த்து, மறு கையை மேலே வைத்துத் தாங்கி, அந்த ஓரத்தோடு மேலிருந்து கீழே மெதுவாக இழுத்தாலே போதும். தோள் அடிபட்டவருக்கும், கை பின்னால் போகாதவருக்கும் இதைச் செய்யாதீர்கள்.

எஃப்ளூராஜ், பெட்ரிசாஜ், ஃபிரிக்‌ஷன், டபோட்மென்ட், வைப்ரேஷன் என்று மசாஜின் ஐந்து அடிப்படை அசைவுகளையும் ஒப்பிக்கச் சொல்லும் வகுப்புகள் நிறைய. டேபிள் உயரம் சொல்லித்தராத வகுப்பில் அந்த ஐந்தும் வீண்.

பிசியோ மதுரை

மேலே சொன்னதோடு முழுக்க ஒத்துப்போகிறேன். ஆனால் சகோதரி, முதலில் அந்த வலி எது என்று பாருங்கள்.

கட்டைவிரலை உள்ளே மடக்கி முஷ்டி பிடித்து, மணிக்கட்டைச் சுண்டுவிரல் பக்கம் மெதுவாகச் சாயுங்கள். கட்டைவிரல் பக்க மணிக்கட்டில் கத்தி வைத்தது மாதிரி வலித்தால் டி குவெர்வெய்ன் எனப்படும் தசைநாண் உறை வீக்கமாக இருக்க வாய்ப்பு அதிகம். அது இல்லாமல், கட்டைவிரல் மேட்டின் அடியில் அழுத்தினாலும் திருகினாலும் மட்டும் வலித்தால் அடி மூட்டு. மூன்றாவது வகையும் உண்டு: கட்டைவிரல், ஆள்காட்டி, நடுவிரல் மரத்துப்போய் ராத்திரி தூக்கத்தில் எழுந்து கையை உதற வேண்டியிருந்தால் மணிக்கட்டில் நரம்பு நெருக்கப்படுகிறது. மூன்றுக்கும் வைத்தியம் வேறு வேறு. எலும்பு மருத்துவரிடமோ பிசியோதெரபிஸ்டிடமோ காட்டுங்கள். கட்டைவிரலையும் சேர்த்துப் பிடிக்கும் ஸ்பிளின்ட் கொடுப்பார்கள். மணிக்கட்டை மட்டும் பிடிக்கும் எலாஸ்டிக் பட்டையைக் கடையில் வாங்கி மாட்டிக்கொண்டு வகுப்பைத் தொடர்வதில் பலன் இல்லை, கட்டைவிரல் அதற்குள் சுதந்திரமாக அசைந்துகொண்டுதான் இருக்கும்.

படிவம் பற்றி. கையெழுத்து வாங்குவது கடைக்காரரின் பாதுகாப்புக்கு. உங்களுக்கு வேண்டியது கேள்விகள். இப்போது காய்ச்சல் உண்டா. ரத்த அழுத்தம், சர்க்கரை, இதய நோய் உண்டா. என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள். ஆறு மாதத்துக்குள் ஆபரேஷன், எலும்பு முறிவு, நீண்ட பயணம், படுத்த படுக்கை ஏதாவது உண்டா. கர்ப்பமா, எத்தனையாவது மாதம். தோலில் புண், படை, சிரங்கு. எந்த எண்ணெய்க்காவது ஒவ்வாமை. இவ்வளவும் வாயால் கேட்க மூன்று நிமிடம் ஆகும். எழுதிக் கொடுத்தால் பாதிப் பேர் படிக்காமலே "இல்லை" என்று டிக் அடிப்பார்கள், அதனால் கேட்டு நீங்களே எழுதுங்கள்.

கையே வைக்கக் கூடாதவற்றில் நான் முதலில் சொல்வது ஒரு காலில் மட்டும் வரும் கெண்டை வீக்கம். ஒரு கெண்டை மட்டும் வீங்கி, சூடாக, தொட்டால் வலித்து, கொஞ்சம் சிவந்தோ கறுத்தோ இருந்தால் அது ஆழ்சிரையில் ரத்தம் உறைந்ததாக இருக்கலாம். பிசைந்தால் கட்டி பெயர்ந்து நுரையீரலுக்குப் போகும், உயிர் போகும். அப்படி வருகிறவர் பெரும்பாலும் "கால் பிடிச்சுக்கிச்சு, நல்லா அழுத்தி விடுங்க" என்றுதான் கேட்பார். நீண்ட பஸ், விமானப் பயணம், பிரசவம், ஆபரேஷன் இவற்றுக்குப் பிறகு வருகிறவரிடம் இரண்டு கெண்டையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். சந்தேகம் வந்தால் அன்றே மருத்துவமனைக்கு அனுப்புங்கள், மறுநாள் என்று சொல்லாதீர்கள்.

இடுப்பு வலியோடு சிறுநீர் போவதில் தடையோ, தொடை இடுக்கில் மரத்துப்போதலோ இருந்தால் அதுவும் அவசரம், மசாஜ் வேலை இல்லை. காய்ச்சல், பரவும் தோல் நோய், கட்டுக்குள் வராத ரத்த அழுத்தம், எல்லாம் வேறொரு நாளைக்கு.

சிலருக்குச் செய்யலாம், ஆனால் மாற்றிச் செய்ய வேண்டும். ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் போன்ற மாத்திரை எடுப்பவருக்கு ஆழ அழுத்தினால் திட்டுத் திட்டாக நீலம் பூக்கும், வருடல் மட்டும். புடைத்துச் சுருண்ட வெரிகோஸ் ரத்தக்குழாய்மேல் அழுத்தம் கிடையாது. சர்க்கரையால் பாதம் மரத்தவருக்கு வலியும் தெரியாது, சூடும் தெரியாது. அவர் "இன்னும் அழுத்துங்க" என்று சொல்வதை அளவுகோலாக எடுக்காதீர்கள். எலும்பு தேய்ந்த முதியவர்களின் விலாவில் முன்கை எடையைப் போட்டால் விலா உடையும், மிகைப்படுத்தவில்லை. புற்றுநோய் சிகிச்சையில் இருப்பவருக்கு அவருடைய மருத்துவரின் சம்மதம் இல்லாமல் தொடாதீர்கள்.

உடம்பில் சில இடங்களில் எவருக்குமே அழுத்தம் கூடாது. கழுத்தின் முன்பக்கம், அக்குள் குழி, முழங்கை மடிப்பின் உள்பக்கம், தொடை இடுக்கு, முழங்காலுக்குப் பின் பள்ளம். எல்லாமே பெரிய ரத்தக்குழாயும் நரம்பும் தோலுக்குப் பக்கத்தில் ஓடும் இடங்கள். முதுகின் கீழ் விலா இரண்டுக்கும் அடியில் சிறுநீரகம், அங்கே தட்டல் வேண்டாம். காலில் நீண்ட தடவல் போகும்போது முழங்கால் பின்பக்கம் வந்ததும் கை எடையை எடுத்துவிட்டு, இறகு மாதிரி தாண்டி மறுபடி தொடையில் எடை போடுங்கள். இதைப் பழக்கமாக்கிக்கொண்டால் யோசிக்கவே வேண்டாம்.

எண்ணெய்த்தோணி

பஞ்சகர்மா பற்றிக் கேட்டதற்கு நான் சொல்கிறேன். முதலில் ஒரு திருத்தம்: இங்கே வந்தால் ஸ்பாவில் கற்றதில் கொஞ்சம் மறக்க வேண்டியிருக்கும். அங்கே கை கால்களில் இதயத்தை நோக்கித் தேய்க்கச் சொல்வார்கள். அப்யங்கம் என்ற ஆயுர்வேத எண்ணெய்த் தேய்ப்பில் ரோமம் படிந்திருக்கும் திசையோடு, அதாவது மேலிருந்து கீழே என்பதுதான் நூல் வழக்கு. கை கால் நீளத்தில் நேராக, மூட்டுகளில் வட்டமாக. இது சரியா அது சரியா என்று சண்டை போட வேண்டாம். எண்ணெயைத் தோலில் ஊற விடுவது இங்கே நோக்கம். தசையைப் பிரித்து இளக்குவது அங்கே நோக்கம். அழுத்தமும் இங்கே குறைவு, அதனால் கட்டைவிரலுக்கு நல்லது. ஆனால் முதுகுக்கு நல்லதா என்று கேட்காதீர்கள். படுக்கவைக்கும் தோணி என்ற மரப்பலகை கனமானது, படுத்தவரைத் திருப்பி உட்காரவைத்து இறக்குவதெல்லாம் தெரபிஸ்ட் வேலை.

எண்ணெய் அளவிலேயே வித்தியாசம் தெரியும். ஸ்வீடிஷுக்கு முழு உடம்புக்கும் 20, 30 மி.லி. போதும். அப்யங்கத்துக்கு 100 முதல் 150 மி.லி. வரை போகும். சூடான தைலத்தைத் துணியில் நனைத்து உடம்பில் பிழியும் பிழிச்சிலுக்கு 3, 4 லிட்டர். அப்யங்கம் இரண்டு பேர் இரு பக்கமும் நின்று ஒரே தாளத்தில் செய்வது. உட்காரவைத்துத் தொடங்கி, மல்லாந்து, பக்கவாட்டு, குப்புற என்று ஏழு நிலை மாற்றி உட்காரவைத்து முடிப்பார்கள். உங்கள் ஜோடி அரை விநாடி பிந்தினால் படுத்திருப்பவருக்குத் தெரிந்துவிடும். அதனால் பயிற்சியின் பெரும்பகுதி ஜோடியோடு கை சேர்ப்பதிலேயே போகும்.

தைலத்தை நேரடி நெருப்பில் சுட வைக்கவே கூடாது. அகலப் பாத்திரத்தில் வெந்நீர், அதற்குள் தைலக் கிண்ணம். நெருப்பில் வைத்தால் அடியில் கருகும், வாடை மாறும், மேலே ஆறியிருந்தாலும் அடியில் கொதித்திருக்கும்.

சூட்டுக் காயம் அதிகம் வருவது கிழியில், அதாவது மருந்தைத் துணியில் முடிந்து சூடாக ஒத்தும் முறையில். பொடிக்கிழிக்கு ஒன்றரை அடிச் சதுரக் காடாத் துணி, ஒவ்வொன்றிலும் 200 முதல் 250 கிராம் பொடி, கழுத்தை நூலால் இறுக்கிக் கைப்பிடி விட வேண்டும். இரும்புச் சட்டியில் கொஞ்சம் தைலம் விட்டு ஒன்றைச் சூடேற்றும்போது மற்றதைப் பயன்படுத்துவது. சட்டியிலிருந்து எடுத்தவுடன் உங்கள் புறங்கையில் ஒத்திப் பாருங்கள். உள்ளங்கையில் அல்ல, அது தடித்தது, ஏமாற்றும். முதல் சில விநாடி ஒத்தி ஒத்தி எடுங்கள், சூடு தணியத் தணிய அழுத்தித் தேயுங்கள். புதியவர்கள் இதைத் தலைகீழாகச் செய்வதால்தான் தோல் கொப்பளிக்கிறது. மேலே சொன்ன மரத்துப்போன பாதத்துக்குக் கிழியே வேண்டாம்.

இலைக்கிழியில் நொச்சி, எருக்கு, ஆமணக்கு, வாதநாராயணன், புளி இலையெல்லாம் நறுக்கி, தேங்காய்த் துருவலும் எலுமிச்சையும் சேர்த்து எண்ணெயில் வதக்க வேண்டும். துருவல் சிவக்கும்வரை வதங்காவிட்டால் ஈரம் நின்று துணி வழியே நீர் கசியும், அந்த ஆவி சுடும், மறுநாளைக்குப் புளித்தும் போகும்.

நெற்றியில் தைலத்தைத் தாரையாக விடும் சிரோதாரையில் பாத்திரத்தின் அடி நெற்றியிலிருந்து நான்கு விரற்கடை உயரத்தில் நிற்க வேண்டும். கூடினால் சொட்டுகள் குத்தும், முடிந்த பிறகு தலைவலி என்பார்கள். புருவத்துக்கு மேலே பஞ்சுப் பட்டி கட்டாமல் தொடங்காதீர்கள். 30, 40 நிமிடம் தாரை அறாமல் ஓட, வழிந்த தைலத்தை எடுத்துச் சூடு பார்த்து மறுபடி ஊற்ற இன்னொருவர் வேண்டும்.

சித்த வழியும் இருக்கிறது, அதை மறந்துவிடுகிறோம். புற மருத்துவம் 32 வகையில் தொக்கணம், அதாவது உடம்பைப் பிடித்துவிடும் முறை, ஒன்று. தட்டல், இறுக்கல், பிடித்தல், முறுக்கல், கட்டல், அழுத்தல், இழுத்தல், மல்லாத்துதல், அசைத்தல் என்று அதிலேயே ஒன்பது. ஸ்பாவிலிருந்து வருபவருக்குப் பிடித்தலும் அழுத்தலும் சுலபமாக வரும். இழுத்தல், முறுக்கல் இரண்டும் மூட்டு வேலை, மேற்பார்வை இல்லாமல் கூடாது. வர்மம், அதாவது உடம்பின் உயிர்நிலைப் புள்ளிகளைத் தொடும் முறை, வேறு. படுவர்மம் 12, தொடுவர்மம் 96, ஆக 108 என்று படம் போட்டுச் சனி ஞாயிறு வகுப்பில் விற்கிறார்கள். அதை வாங்கிவந்து கிளையன்ட் கழுத்தில் முயற்சி செய்யாதீர்கள்.

எந்தத் தைலம் என்பதை எழுதுவது மருத்துவர். மூட்டு சிவந்து சூடாக வீங்கியிருக்கும்போது கொட்டஞ்சுக்காதி மாதிரி சூடான தைலத்தைத் தெரபிஸ்ட் தன் இஷ்டத்துக்கு எடுத்துப் போட்டால் எரிச்சல் கூடும். குளிர்ச்சியான பிண்ட தைலமா வேறா என்று கேட்டுச் செய்வதில் குறைவொன்றும் இல்லை.

நெல்லைக்காரி

எல்லோருக்கும் நன்றி. முஷ்டி பிடித்துச் சாய்த்துப் பார்த்தேன், வலி எகிறியது. டாக்டரிடம் நேரம் வாங்கியிருக்கிறேன். பலகைக்குத் தச்சரிடம் சொல்லியாயிற்று.

சான்றிதழ் பற்றி யாராவது சொல்லுங்கள். வெளிநாட்டில் ஒப்புக்கொள்வார்கள் என்று எங்கள் இடத்தில் சொல்லித்தான் சேர்த்தார்கள். அரோமா எண்ணெய் கலக்கும் அளவும் வேண்டும். வகுப்பில் "வாசனைக்கு ஏத்த மாதிரி" என்றுதான் சொன்னார்கள்.

முன்மேசை

எண்ணெயிலிருந்து தொடங்குகிறேன், அதில்தான் உடனடி ஆபத்து. "வாசனைக்கு ஏத்த மாதிரி" கலந்தால் தோல் வெந்துபோகும். உடம்புக்கு 2 சதவீதம் போதும்: 100 மி.லி. அடிப்படை எண்ணெய்க்கு 2 மி.லி., சொட்டுக் கணக்கில் ஏறக்குறைய 40. முகத்துக்கு அதில் பாதி. நீர்க்காமல் எதையும் தோலில் வைக்கக் கூடாது. எலுமிச்சை, பெர்கமாட் வகை எண்ணெய் தடவிக்கொண்டு வெயிலில் போனால் கருந்திட்டு விழும், நம் ஊர் வெயிலில் கேட்கவே வேண்டாம். மாலை கிளையன்ட்டுக்கு மட்டும் வையுங்கள். பாதாம் எண்ணெய் எடுக்கும் முன் கொட்டை ஒவ்வாமை உண்டா என்று கேளுங்கள். நெஞ்சிலும் காலிலும் ரோமம் அடர்ந்தவருக்குக் கொஞ்சம் அதிகமாக எண்ணெய் விடுங்கள், இல்லாவிட்டால் இழுக்கும், வலியென்று சொல்லக் கூச்சப்பட்டுப் படுத்திருப்பார்.

சான்றிதழ். இந்தியாவில் மசாஜ் தெரபிஸ்டுக்கென்று டாக்டர், நர்ஸ் மாதிரி தேசிய அளவில் பதிவு உரிமம் கிடையாது. ஸ்பா வேலைக்கு அழகு மற்றும் நலத்துறைத் திறன் கவுன்சிலின் அசிஸ்டென்ட் ஸ்பா தெரபிஸ்ட், ஸ்பா தெரபிஸ்ட் சான்றிதழைப் பெரிய ஹோட்டல்கள் பார்க்கும். பஞ்சகர்மாவுக்கு சுகாதாரத் துறைத் திறன் கவுன்சிலின் பஞ்சகர்மா டெக்னீஷியன். கேரள அரசின் ஆயுர்வேத மருத்துவக் கல்வி இயக்ககம் ஓராண்டு ஆயுர்வேத தெரபிஸ்ட் படிப்பு நடத்துகிறது. வைத்தியசாலைகளில் அதற்கு மரியாதை தனி. தமிழ்நாட்டில் இந்திய மருத்துவம் ஓமியோபதித் துறையின் நர்சிங் தெரபி பட்டயப் படிப்பு இருக்கிறது, பிளஸ் டூ அறிவியல் பிரிவு வேண்டும். நெல்லைக்காரி என்றால் பாளையங்கோட்டை அரசு சித்த மருத்துவக் கல்லூரியிலேயே விசாரிக்கலாம்.

வெளிநாடு என்பது விற்பனைப் பேச்சு. நியூயார்க் மாநிலத்தில் உரிமம் வாங்க 1,000 மணி நேர வகுப்பு முடித்துத் தேர்வு எழுத வேண்டும். டொராண்டோ இருக்கும் ஒன்டாரியோவில் மசாஜ் தெரபிஸ்ட் என்ற பட்டமே சட்டப்படி பாதுகாக்கப்பட்டது, மாகாணத்தின் மசாஜ் தெரபிஸ்டுகள் பதிவு அமைப்பில் பதிவு செய்யாமல் போட்டுக்கொள்ள முடியாது. இங்கே வாங்கிய இரண்டு மாதச் சான்றிதழைக் காட்டினால் சிரிப்பார்கள். தாய் மசாஜ் கற்க ஆசை என்றால் பாங்காக்கில் வாட் போ கோயில் பள்ளி 1955 முதல் நடக்கிறது. அது தரையில் பாய் போட்டு உடம்பு எடையால் செய்வது, உங்கள் டேபிள் பிரச்சினையே இல்லை.

வேலைக்குப் போகும் இடத்தில் காகிதத்தைவிட இந்தக் கேள்விகளைக் கேளுங்கள். ஒரு நாளைக்கு எத்தனை செஷன்? கையால் அழுத்தும் நேரம் 5 மணிக்கு மேல் போனால் நீடிக்காது. இரண்டு செஷனுக்கு நடுவே 15 நிமிடம் உண்டா? பத்துப் பேர் வரிசையில் நிற்கும் இடத்தில் அது இருக்காது. நிலையான சம்பளமா, கமிஷனா? முழுக்கக் கமிஷன் என்றால் வலியோடும் செய்துகொண்டே இருப்பீர்கள். முறைகேடாகப் பேசும் கிளையன்ட்டைப் பாதியில் நிறுத்தி வெளியேற்ற உங்களுக்கு அதிகாரம் உண்டா, அன்றைய காசு பிடிப்பார்களா? இதற்கு நேராகப் பதில் வராத இடத்தில் சேரவே வேண்டாம்.

போர்த்துவதை நன்றாகப் பழகுங்கள், அங்கேதான் உங்கள் மரியாதை இருக்கிறது. வேலை நடக்கும் பாகம் மட்டும் திறந்திருக்கும். ஒரு காலைத் திறந்தால் துணியின் ஓரத்தைத் தொடைக்கடியில் செருகிவிடுங்கள். குப்புறத்திலிருந்து மல்லாந்து திரும்பும்போது துணியின் உங்கள் பக்க ஓரத்தை உங்கள் தொடையால் டேபிளோடு அழுத்திப் பிடித்து, எதிர் ஓரத்தைக் கையால் கூடாரம் மாதிரி தூக்கிப் பிடித்து, முகத்தை வேறுபக்கம் திருப்பி, "என் பக்கத்திலிருந்து தள்ளி அந்தப் பக்கமாகத் திரும்புங்கள்" என்று சொல்லுங்கள். உங்களை நோக்கித் திரும்பினால் துணி உடம்பில் சுருண்டுவிடும்.

கடைசியாக டவல். எண்ணெய் ஊறிய டவலைச் சாதாரணச் சோப்பில் துவைத்து டிரையரில் போட்டுச் சூட்டோடு அடுக்கி அலமாரியில் வைக்கிறார்கள். உள்ளே தங்கிய எண்ணெய் காற்றோடு வினைபுரிந்து தானே சூடேறிப் புகையும், தீப்பிடிக்கும். ஸ்பாக்களில் நடக்கும் விபத்து இது. வெந்நீரில் எண்ணெய் பிரிக்கும் சோப்புப் போட்டு இரண்டு முறை அலசி, முடிந்தவரை கயிற்றில் உலர்த்துங்கள். டிரையர்தான் என்றால் முழுக்க ஆறிய பிறகு பிரித்துப் பிரித்து வையுங்கள். துவைத்த பிறகும் எண்ணெய்ச் சிக்கு வாடை அடித்தால் அந்த டவலைத் தூக்கி எறியுங்கள்.